கச்ரா என்று ஒரு ஃபோல்டர்

கரோலின் வந்து சேர்வதற்கு முன்னால் அந்தக் கம்பெனியின் பொது டிரைவ் எப்படி இருந்தது என்று கேட்டால், பழைய ஆட்கள் இன்றைக்கும் சிரித்துவிட்டுத்தான் சொல்லத் தொடங்குவார்கள். புனே பக்கத்துச் சாகணில் கார் கம்பெனிகளுக்கு ஃபிக்ஸ்சர் செய்து கொடுக்கிற தொழிற்கூடம் அது. கார்க் கதவையும் கூரையையும் வெல்டிங் வைக்கும்போது தகடு மயிரிழைகூட நகராமல் பிடித்துக்கொள்கிற இரும்புச் சட்டத்துக்குத்தான் ஃபிக்ஸ்சர் என்று பெயர். சட்டம் இவ்வளவு ஒழுங்காக இருக்க வேண்டும். அதன் வரைபடம் கிடக்கிற கம்ப்யூட்டரோ சந்தைக்கடை. 'ஃபைனல்' என்று ஒரு ஃபைல் இருக்கும். பக்கத்திலேயே 'ஃபைனல் நியூ', 'ஃபைனல் இதுதான்', 'முகுந்த் சார் சொன்ன ஃபைனல்' என்று வரிசையாக இருக்கும். எது கடைசி என்று தெரிய வேண்டுமானால் வரைந்தவரைக் கூப்பிட வேண்டும். அவர் யாருக்காவது கல்யாணம் என்று கோலாப்பூர் போயிருந்தால் அன்றைக்கு வேலை படுத்துவிடும்.

அந்தச் சந்தைக்கடைக்குள் டாக்குமென்ட் கன்ட்ரோல் வேலைக்கு வந்து சேர்ந்தாள் கரோலின். கட்கியில் பிறந்து, அங்கேயே கான்வென்ட்டில் படித்து, அங்கேயே அமல்ராஜைக் கட்டிக்கொண்டு, போபோடி எல்லையில் ஒரு ஃபிளாட்டில் குடியிருப்பவள். அப்பா பாளையங்கோட்டையிலிருந்து கன்டோன்மென்ட் ஆபீஸ் வேலைக்கு வந்தவர். அம்மா டீச்சர். அந்த வீட்டில் மிளகுத்தூள் டப்பாவுக்கும் பெயர் ஒட்டியிருக்கும், குடைக்கும் பெயர் ஒட்டியிருக்கும். மாதா கோவிலில் தமிழ்ப் பூசைக்கான பாட்டுத் தாள்களை அடுக்கி வைப்பதும் அவள்தான். தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள் என்றாலும், எந்தப் பாட்டு எந்த உறையில் என்பதை இருட்டில் கேட்டாலும் சொல்வாள். மகள் நிக்கோல், "மம்மி, என் மேலயும் ஒரு லேபிள் ஒட்டிரு" என்று கிண்டல் செய்வாள். கரோலினுக்கு அந்தக் கிண்டலில் உள்ளுக்குள் பெருமைதான்.

கம்பெனியில் அவள் செய்தது ஒன்றும் மந்திரமில்லை. ஒவ்வொரு ப்ராஜெக்ட்டுக்கும் ஒரே ஃபோல்டர். அதன் பெயரில் முதலில் வருடம், பிறகு எண், பிறகு வாடிக்கையாளர் பெயர். உள்ளே ஒன்று விலைப்பேச்சு, இரண்டு வரைபடம், மூன்று வாங்கிய சாமான், நான்கு அளவு ரிப்போர்ட், ஐந்து அனுப்பி முடித்தது. 'ஃபைனல்' என்ற சொல்லுக்கே தடை; திருத்தத்துக்குத் திருத்தம் எண் ஏறிக்கொண்டே போகும். ஃபோல்டருக்குள் ஃபோல்டர், அதற்குள் இன்னொன்று என்று பாதாளத்துக்கு இறங்கக் கூடாது. முடிந்த வேலை தனி அலமாரிக்குப் போய்விட வேண்டும். இவ்வளவுதான். ஆனால் ஒரு கார் கம்பெனி ஆடிட்டர் வந்து உட்கார்ந்து, இரண்டு வருஷத்துக்கு முந்தைய கதவு வரைபடத்தைக் கேட்டு, கேட்ட வாய் மூடுவதற்குள் அது திரையில் வந்து நின்றபோது, மேனேஜர் முகுந்த் சார் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். அன்றிலிருந்து ஆபீசில் எதற்கெடுத்தாலும் கரோலின் மேடத்தைக் கேள் என்றாயிற்று. புகழ்ச்சி எல்லாருக்கும் பிடிக்கும். கரோலினுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே பிடித்திருந்தது.

இந்த ஒழுங்குக்குள் அடங்காமல் திரிந்தவர் ஒரே ஒருவர், காசிம். ஐம்பதை நெருங்கும் டிசைனர். அவருடைய வாப்பா மேலப்பாளையத்திலிருந்து கட்கிக்கு வந்து தையல் கடை வைத்தவர். கரோலினும் காசிமும் அந்த ஊர்ப்பக்கம் போனதெல்லாம் கல்யாணத்துக்கும் சாவுத் துட்டிக்கும்தான். இருந்தாலும் வாயைத் திறந்தால் இருவருக்கும் திருநெல்வேலிப் பேச்சு. காலையில் போபோடி சிக்னலில் கம்பெனி பஸ் ஏறியதிலிருந்து நாசிக் பாட்டா, போசரி, மோஷி என்று சாகண் போய்ச் சேரும்வரை பக்கத்துப் பக்கத்து சீட்டில் ஒரே அரட்டை. அவள் அவரை அண்ணே என்பாள். அவர் தங்கச்சி என்பார். அவருக்கு டிபன் மூடி தொலையும், சார்ஜர் தொலையும், ஒருநாள் போட்டுவந்த செருப்பே தொலைந்தது. தலைக்குள் இருக்கிற ஃபிக்ஸ்சர் மட்டும் தொலையாது. எங்கே கிளாம்ப் என்கிற கவ்வியை வைத்தால் தகடு முறுக்கிக்கொள்ளாது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்.

ஒருநாள் பஸ்ஸில் அவள் கேட்டாள். "ஏன் அண்ணே, அந்தப் புதுக் கதவு ப்ராஜெக்ட்ட எங்க வச்சிருக்கீய? என் கண்ணுலயே படலியே."

"அதுவா? கச்ரான்னு ஒண்ணு கெடக்கும் பாரு, அதுக்குள்ள."

"கச்ராவா? உயிரான வேலைக்குப் போயி குப்பைன்னா பேரு வைப்பாவ?"

"அட, கேளு தங்கச்சி. நல்ல பேரா வச்சேன்னு வையி, போறவன் வாறவன் எல்லாம் உள்ள வந்து நோண்டுவான். கச்ரான்னு இருந்தா ஒரு பய கை வைக்க மாட்டான். குப்பைய யாரு கிளறுவா?"

கரோலின் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த தண்ணீர் பாட்டில் சேலையில் கவிழ்ந்தது. அன்று முழுக்க நினைத்து நினைத்துச் சிரித்தாள். அதனால், தெரியாமல் நடந்தது என்று அவள் பின்னால் சொல்லிக்கொள்ள வழியே இல்லாமல் போயிற்று.

பொது டிரைவில் இடம் நிறைந்துகொண்டே வந்தது. வேண்டியதையெல்லாம் வெள்ளிக்கிழமைக்குள் புது முறைக்கு மாற்றிவிடுங்கள், மிச்சமிருப்பது சனிக்கிழமை துடைக்கப்படும் என்று கரோலின் எல்லாருக்கும் மெயில் போட்டாள். ஒரு தடவைக்கு மூன்று தடவை போட்டாள். மாற்றினார்கள். காசிம் மட்டும், "பண்ணிருவோம், பண்ணிருவோம்" என்று சொல்லிக்கொண்டே திரிந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை மதியம் கேன்டீனில் பேச்சு ஃபோல்டர் எண்களைப் பற்றித் திரும்பியது. காசிம், எல்லாருக்கும் புரியட்டும் என்று இந்தியில், "கரோலின் வீட்டில் எல்லாவற்றுக்கும் எண் உண்டு. ஜீரோ ஒன் புருஷன்" என்றார். மேஜையே சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் ஓர் இளம் இன்ஜினியர், "அப்படியானால் புருஷனுக்கு பேக்கப் எங்கே?" என்று கேட்டான். கேன்டீன் அதிர்ந்தது. காசிம் கண்ணில் நீர் வரச் சிரித்தார். கேட்டவன் அவரில்லை; அவர் சிரித்தார், அவ்வளவுதான். கரோலினுக்கு முகம் காந்தியது. பேருக்குச் சிரித்துவைத்துவிட்டு டிபனை மூடிக்கொண்டு எழுந்துபோனாள். சாயங்காலம் பஸ்ஸில் தலைவலி என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

சனிக்கிழமை அரைநாள். டிசைன் பிரிவுக்கு விடுமுறை. கரோலின் தனியாக உட்கார்ந்து டிரைவைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பழைய குப்பைகள் ஒவ்வொன்றாகப் போகப் போக மனசு லேசாகிக்கொண்டே வந்தது. அப்போதுதான் அது கண்ணில் பட்டது. கச்ரா.

பஸ்ஸில் பேசியது உடனே நினைவுக்கு வந்தது. சேலை நனைந்ததுகூட நினைவுக்கு வந்தது. காசிமுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம், கை எட்டும் தூரத்தில்தான் போன் கிடந்தது. அதற்குப் பதிலாக அவள் நினைத்தது வேறு. மூன்று மெயில் போட்டாயிற்று. மாற்றியிருப்பார். மாற்றவில்லையென்றால் அது அவர் பாடு. பேக்கப் எங்கே என்று கேட்டதற்குச் சிரித்தார் அல்லவா, இப்போது அவர் தேடட்டும். நிரந்தரமாக அழிக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. அந்தக் கேள்விக்கு அவள் ஆம் என்று அமுக்கினாள். அமுக்கியபோது இனித்தது. அந்த இனிப்பைத்தான் அவளால் கடைசிவரை மன்னிக்க முடியவில்லை.

பேக்கப்பிலிருந்து எடுத்துக்கொள்ளலாம், அவருக்கு ஒரு காலைப்பொழுது பதறட்டும், அது போதும் என்றுதான் அவளுடைய கணக்கு. திங்கட்கிழமை கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் நிர்மல் வந்து அந்தக் கணக்கை உடைத்தான். இடத்தை மிச்சம் பிடிக்க டெம்ப், ஓல்ட், கச்ரா என்று பெயர் வைத்த ஃபோல்டர்களை பேக்கப் எடுப்பதே இல்லை என்றான். குப்பைக்கெல்லாம் எதற்கு பேக்கப் என்று போன வருஷம் அவனுக்கு யோசனை சொன்னவள் கரோலின்தான். யார் அழித்தது என்று குறித்துவைக்கும் வசதியையும் சர்வரில் யாரும் போட்டு வைத்திருக்கவில்லை.

காசிம் பாவம், முதலில் மேஜை டிராயரைத் திறந்து பார்த்தார். பிறகு பையைக் கவிழ்த்துப் பார்த்தார். கம்ப்யூட்டர் ஃபோல்டர் டிபன் பைக்குள் இருக்குமா என்று யாரோ சிரித்தார்கள். மாதக்கணக்கான வேலை அது. வாடிக்கையாளருக்குக் காட்ட வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. முகுந்த் சார் கண்ணாடி அறையை விட்டு வெளியே வந்து எல்லார் முன்னாலும் கத்தினார். வரைபடத்துக்குக் குப்பை என்று பெயர் வைக்கிற மனிதனை நான் வேலைக்கு வைத்திருக்கிறேனே என்று மராத்தியில் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு கரோலின் பக்கம் திரும்பி, சனிக்கிழமை துடைத்தபோது அது இருந்ததா என்று கேட்டார்.

"நான் பழைய ப்ராஜெக்ட் மட்டும்தான் தொட்டேன் சார்" என்றாள் கரோலின்.

அதோடு நிறுத்தியிருந்தாலாவது பரவாயில்லை. எல்லார் முகமும் தன்னைப் பார்க்கிறதே என்று இன்னும் கொஞ்சம் பேசினாள். இதற்குத்தான் நான் படித்துப் படித்துச் சொன்னேன், பெயர் ஒழுங்காக வைத்திருந்தால் இந்த நிலைமை வருமா என்றாள். முகுந்த் சார் தலையாட்டினார். நாலைந்து பேர் தலையாட்டினார்கள். காசிமும் தலையாட்டினார்.

சீட்டுக்குத் திரும்பி வந்து கம்ப்யூட்டரைப் பார்த்தபோது, அவளுடைய புது முறையில் ஒரு ஃபோல்டர் புதிதாக முளைத்திருப்பது தெரிந்தது. வருடம், எண், வாடிக்கையாளர் பெயர். உள்ளே ஒன்றிலிருந்து ஐந்துவரை எல்லாம் வரிசையாக, எல்லாம் காலியாக. தேதியைப் பார்த்தால், வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்புமுன் காசிம் போட்டு வைத்திருக்கிறார். திங்கட்கிழமை வந்து நிரப்பலாம் என்று விட்டிருக்கிறார். சனிக்கிழமை அவள் வேண்டாததை மட்டும் தேடித் தேடிப் பார்த்ததில் இது கண்ணில் படவே இல்லை. கரோலின் எழுந்து பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள்.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் காசிம் மெதுவாகச் சொன்னார். "வெள்ளிக்கிழம அத அந்தப் புது எடத்துக்கு மாத்தத்தான் போனேன் தங்கச்சி. அப்பம் கை தவறி அழிச்சிட்டேன் போல. என்ன அமுக்குனேன்னே ஞாபகம் வரல பாரு."

"விடுங்க அண்ணே" என்றாள் அவள். அந்த நேரம் சொல்லியிருக்கலாம். பஸ் மோஷியில் நின்று கிளம்பியது. சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அவள் பார்த்ததுதான் கொடுமை. காசிம் பழைய பிரின்ட்டுகளையும் தலைக்குள் இருந்ததையும் வைத்து முதலிலிருந்து வரையத் தொடங்கினார். ஆனால் மனிதர் மாறிவிட்டார். பஸ் ஏறியதும் சட்டைப் பையைத் தட்டிப் பார்ப்பார். உட்கார்ந்ததும் மறுபடி தட்டிப் பார்ப்பார். "தங்கச்சி, நான் ஏறும்போது டிபன் பை கையில இருந்துச்சா?" என்பார், பை மடியில் இருக்கும். உள்ளங்கையில் பேனாவால் எதையெதையோ எழுதிக்கொண்டு வருவார். ஒரு காலையில் கேஸை மூடினோமா என்ற சந்தேகத்தில் நாசிக் பாட்டாவில் இறங்கி வீட்டுக்கே திரும்பிப் போனார். முன்பெல்லாம் எதையாவது தொலைத்துவிட்டுத் தானே சிரிக்கிறவர், இப்போது எதுவும் தொலையாமலேயே பயந்தார். கிளாம்ப் எங்கே வைப்பது என்று பொடிப்பையன்களிடம் கேட்டு உறுதி செய்துகொள்வதை கரோலின் ஒருநாள் கண்ணால் பார்த்தாள்.

வீட்டில் டப்பாக்களின் மேல் ஒட்டியிருந்த பெயர்களைப் பார்க்கவே அவளுக்குக் கூசியது. அமல்ராஜ் என்னவென்று கேட்டதற்கு, ஆபீஸ் டென்ஷன் என்றாள். ஞாயிற்றுக்கிழமை கோவிலில், பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தன வரிசையில் போய் நின்றாள். சாமியார் கோவாக்காரர், தமிழ் தெரியாது. இந்தியில் சொல்லலாம், இங்கிலீஷில் சொல்லலாம். ஆனால் அமுக்கியபோது இனித்தது என்பதை எந்தப் பாஷையில் சொல்வது என்று தெரியாமல் வரிசையிலிருந்து நழுவிவிட்டாள். நற்கருணை வாங்கவும் போகவில்லை. பாட்டுத் தாள்களை மட்டும் வழக்கம்போல அடுக்கி வைத்துவிட்டு வந்தாள்.

வாராந்தரக் கூட்டத்தில் முகுந்த் சார் அறிவித்தார். அடுத்த மாதத்திலிருந்து காசிம் பாய் டிசைனில் வேண்டாம், கீழே அளவெடுக்கும் பிரிவுக்குப் போகட்டும். கதவு ப்ராஜெக்ட்டை வேறொருவர் பார்த்துக்கொள்வார். இருபது வருஷமாக வரைகிற மனிதனை அளவுகோலைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்கிறார்கள். காசிம் குனிந்து உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கரோலின் எழுந்தாள். "சார், சனிக்கிழமை நான் துடைத்தபோது, ஒருவேளை என் பக்கத்திலும் ஏதாவது தவறு நடந்திருக்கலாம். அவரை மட்டும் குற்றம் சொல்ல வேண்டாம்" என்றாள் இந்தியில்.

முகுந்த் சாரின் முகம் மலர்ந்துவிட்டது. "பார்த்தீர்களா? இதுதான் டீம். தன் மேல் தப்பே இல்லாதபோதும் கூட இருக்கிறவனுக்காகப் பழியை ஏற்றுக்கொள்கிறார்கள். கற்றுக்கொள்ளுங்கள்" என்றார். யாரோ கைதட்டினார்கள். கைதட்டல் பரவியது. காசிமும் தட்டினார்.

உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது. யாரும் நம்பாதபடி சொல்ல வேண்டும் என்று பார்த்துப் பார்த்துத்தான் அந்த வார்த்தைகளைப் பொறுக்கியிருக்கிறாள். ஒருவேளையாம், ஏதாவதாம், நடந்திருக்கலாமாம்! உண்மையைச் சொன்ன பேரும் கிடைத்தது, நல்லவள் என்ற பேரும் கூடியது. நிர்வாணமாக நிற்க வைத்து மாலை போட்டதுபோல இருந்தது அந்தக் கைதட்டல்.

சாயங்காலம் காசிம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நீ ஏன் தங்கச்சி என் தப்பத் தூக்கி உன் தலையில போடுதே? கீழ போறது ஒரு வகையில நல்லதுதான். எனக்கும் முன்ன மாதிரி இல்ல. வீட்டுல உள்ளவ கட்கியில டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போனா. தலைக்கு ஸ்கேன் எடுக்கணும்னு எழுதிருக்காரு. புள்ளையளுக்கு இன்னும் சொல்லல."

பஸ் சாகண் நாற்சந்தி நெரிசலில் நின்றுகொண்டிருந்தது. வெளியே ஒரு டெம்போக்காரன் ஹாரனை விடாமல் அமுக்கிக்கொண்டிருந்தான். கரோலினுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் அதையும் நல்ல மனசு என்றுதான் இந்த மனிதர் எடுத்துக்கொள்வார். அதனால் அழாமல் சொன்னாள்.

"அண்ணே, உங்களுக்கு ஒண்ணும் இல்ல. ஸ்கேன் வேண்டாம். நீங்க அழிக்கல. நான்தான் அழிச்சேன். சனிக்கிழம."

காசிம் அவளைப் பார்த்தார். கொஞ்ச நேரம் புரியாமலே பார்த்தார்.

"நீயா?"

"ஆமா அண்ணே."

"அப்பம்... நான் இல்லியா?"

"நீங்க இல்ல."

அடுத்து அவர் செய்ததை அவள் எதிர்பார்க்கவில்லை. சிரித்தார். முகமெல்லாம் விரிய, பழைய காசிமாகச் சிரித்தார். அந்த இடத்திலேயே போனை எடுத்து வீட்டுக்குப் போட்டார். "ஏளா, நான் இல்லியாம்! ஆமா, அந்த ஃபோல்டரு! வேற ஆளு அழிச்சிருக்கு. எனக்கு ஒண்ணும் இல்லளா. டாக்டரும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். சரி, வந்து சொல்லுதேன்." போனை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பாள். அந்தச் சந்தோஷத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

போசரி தாண்டும்போது அவர் சிரிப்பு மெல்ல அடங்கியது. ஏதோ யோசித்தார். பிறகு கேட்டார். "நான் உன்ட்ட சொல்லிருந்தேன்லா, கச்ராக்குள்ளதான் இருக்குன்னு? மறந்துட்டியாக்கும். கை தவறித்தான?"

ஆமா என்று சொன்னால் போதும். அவரே வழி போட்டுக் கொடுக்கிறார். கரோலின் ஜன்னலைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

"இல்ல அண்ணே. ஞாபகம் இருந்துச்சு. கேன்டீன்ல சிரிச்சீய, அந்தக் கோவம். தெரிஞ்சேதான் அழிச்சேன்."

காசிம் டிபன் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்துப் பிடித்து முன்னால் போய், டிரைவருக்குப் பின்னாலிருந்த சீட்டில் உட்கார்ந்துகொண்டார். அன்று பையைத் தட்டிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் டிசைன் பிரிவு முழுக்க இருக்கும்போது கரோலின் முகுந்த் சாரின் கண்ணாடி அறை வாசலில் நின்று, கதவை மூடாமல் சொன்னாள். இந்த முறை ஒருவேளை இல்லை, ஏதாவது இல்லை. நான் அழித்தேன், அது என்னவென்று தெரிந்து அழித்தேன், கேட்டபோது பொய் சொன்னேன், காசிம் பாய் மேல் எந்தத் தப்பும் இல்லை. மைனே கியா, ஜான் பூஜ்கர் கியா; நான்தான் செய்தேன், தெரிந்தே செய்தேன். முகுந்த் சார் நம்பவே கொஞ்ச நேரம் ஆயிற்று. நேற்றுக் கைதட்டியவர்கள் கீபோர்டைத் தட்டுவதை நிறுத்திவிட்டார்கள். அவர் கத்துவார் என்று அவள் நினைத்தாள். கத்தவில்லை. "போய் வேலையைப் பாருங்கள், மேடம்" என்றார். அதற்குமுன் அவர் அவளை மேடம் என்று கூப்பிட்டதில்லை, கரோலின்ஜி என்பார்.

கீழே போகச் சொன்ன உத்தரவு அன்றே ரத்தாயிற்று. வாடிக்கையாளரிடம் முகுந்த் சாரே பேசித் தவணை வாங்கினார். காசிம் தன் நாற்காலியிலேயே இருந்தார். கரோலினையும் வேலையை விட்டு அனுப்பவில்லை. எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கொடுத்தார்கள், டிரைவைத் துடைக்கும் பொறுப்பை எடுத்துவிட்டார்கள். கம்பெனி அவளுடைய முறையைக் கைவிடவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று எல்லாம் அப்படியே ஓடின. அவளிடம் யாரும் கேட்காமலே ஓடின. அவள் கேன்டீனுக்குள் நுழைந்தால் பேச்சு மராத்தியில் வேறு பக்கம் திரும்பும். யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. அந்த மரியாதைதான் அவளைத் தின்றது.

சில நாள் கழித்து நிர்மல் அவளுடைய சீட்டுக்கு வந்து தயங்கி நின்றான். தங்கள் ஃபோல்டர்களுக்குள் கரோலின் மேடம் எதையும் அழிக்க முடியாதபடி பூட்டுப் போடச் சொல்லி ஒவ்வொருவராக அவனுக்கு மெயில் போட்டிருந்தார்களாம். போட்டுவிட்டானாம். அவளுக்குத் தெரியாமல் செய்தது மனசுக்குக் கஷ்டமாக இருந்ததாம்.

"எல்லாருமா?" என்று கேட்டாள்.

"எல்லாரும்தான் மேடம்" என்றான் இந்தியில். "காசிம் பாய் மட்டும் கேட்கவில்லை."

பஸ்ஸில் அவர் இன்னும் முன் சீட்டில்தான் உட்காருகிறார், பேசுவதில்லை. ஆனால் பூட்டு கேட்கவில்லை. ஒரு மனிதராவது பூட்டு கேட்கவில்லை. நிர்மல் போன பிறகு எழுந்து, அத்தனை பேருடைய பார்வைக்கும் நடுவில் நடந்து காசிமின் மேஜைக்குப் போனாள்.

திரையில் கதவு ஃபிக்ஸ்சர் கிட்டத்தட்ட முழுசாக எழுந்து நின்றது. ஓரத்தில் அவருடைய ஃபோல்டர் திறந்திருந்தது. ஒன்றிலிருந்து ஐந்துவரை வரிசையாக. இப்போது எதுவும் காலியில்லை.

"அண்ணே" என்றாள். "எல்லாரும் பூட்டச் சொல்லிருக்காவ. நீங்க மட்டும் சொல்லலியாம்."

காசிம் மௌசிலிருந்து கையை எடுத்தார். அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கோபம் இருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எனக்கு எதுக்கு?" என்றார். கழுத்தில் தொங்கிய ஐடி கார்டைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார். கார்டோடு சேர்த்து ஒரு பென்டிரைவ் கோத்திருந்தது. "எல்லாம் இதுல இருக்கு. வீட்டுல ஒண்ணு இருக்கு. இனி டிரைவுல எது போனாலும் எனக்குக் கவலையில்ல."

சொல்லிவிட்டுத் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார். பென்டிரைவ் அவர் சட்டைப் பொத்தானில் தட்டி ஆடி நின்றது. அதன்மேல் ஒரு சின்னத் தாள் ஒட்டியிருந்தது. முதலில் வருடம், பிறகு எண், பிறகு வாடிக்கையாளர் பெயர். அவள் சொல்லிக்கொடுத்த முறையில் ஒரு பிசகும் இல்லாமல் எழுதியிருந்தார்.